வள்ளத்துக்கு வழி சொல்லும் கடிகாரங்கள்

கி. பி. 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அது சேரவேண்டிய இடம், அராபியர் மாபார் என்று அழைத்த சோழமண்டலக் கரை. மூன்று நாளில் முடியவேண்டிய பிரயாணம் ஒன்பது நாளாகியும் முடியவில்லை. கப்பற்றலைவனுக்கு வழி தெரியாது. ஒன்பதாம் நாள் அடிவானத்திலே புகைத்தூண் போல ஒரு மலை தோன்றிற்று. அதுவே சிவனொளிபாதம் என்றும், பாவா ஆதம் மலை என்றும் போற்றப்படும் மலை. இவ்வாறு வழி தவறிய கப்பலிலிருந்து புத்தளத்துக் கரையில் இறங்கியவர், உலகம் சுற்றிய மொரோக்கோ நாட்டவராகிய இப்னு பதூதா. ஆரியச் சக்கரவர்த்தி தம்மை வரவேற்று, அம்மலையைத் தரிசிக்க ஆளும் பொருளும் கொடுத்து உதவிய வரலாற்றை அவரே சொல்லி வைத்திருக்கிறார். வழி தவறியதால் விளைந்த நன்மைகளுள் இஃது ஒன்று. ஆயின், கடலில் வழி தவறியோர் யாவருக்கும் இத்தகைய வரவேற்புக் கிடைப்பதில்லை.

அதே கடலில், இன்று கற்பிட்டியிலிருந்தும் கண்டக்குளியிலிருந்தும் மாலைப் பொழுதிலே வள்ளங்கள் புறப்படுகின்றன. கண்ணாடியிழையாலான சிறு வள்ளம். அதிலே இரண்டு பேர் அல்லது மூன்று பேர். அவர்களுள் ஒருவருடைய சட்டைப்பையில், பொலித்தீனால் நன்கு சுற்றப்பட்ட ஒரு கையடக்கத் தொலைபேசி. அதன் முகப்பில் நீல நிறத்தில் கடலின் படம். அப்படத்தின் நடுவே, வள்ளம் நிற்கும் இடத்தை ஒரு சிறு புள்ளி காட்டி நிற்கும். ஒன்பது நாள் அலைந்த அந்தக் கப்பற்றலைவன் இதனைக் கண்டிருப்பானாயின் மந்திர வித்தை என்றே நம்பியிருப்பான். இதில் மந்திரம் ஏதுமில்லை. இருப்பது கடிகாரமும் கணக்குமே.

அந்தப் புள்ளியைப் பற்றி மக்களிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. கரையிலுள்ள தொலைபேசிக் கோபுரந்தான் இடத்தைச் சொல்கிறது. ஆகவே கோபுரத்தின் எட்டுகை நின்றவுடன் புள்ளியும் நின்றுவிடும் என்பது ஒன்று. புள்ளி தெரிகிறதாயின், மேலே பறக்கும் செய்மதிக்கும் அதனை நடத்துவோர்க்கும் வள்ளம் இருக்குமிடம் தெரிந்திருக்கும். ஆபத்து வந்தால் யாராவது தேடி வருவர் என்பது மற்றையது. முதலாவது எண்ணத்தால் பெருந்தீங்கு இல்லை. இரண்டாவதோ உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இவ்விரண்டும் ஏன் தவறு என்பதை அறிவதற்கு, அந்தச் சிறு கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

கரை கண்ணுக்குத் தெரியும் வரையில் கடலோடிக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. கரையிலுள்ள உயர்ந்த அடையாளங்கள் இரண்டினை ஒன்றன்பின் ஒன்றாக நேர்வைத்துப் பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் இன்னும் இரண்டினை நேர்வைத்தால் மற்றொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்திலேதான் மீன் கூடும் பார் இருக்கிறது என்று மனத்திலே பதித்து, தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுப்பான். தலவிலில் உள்ள புனித அன்னம்மாள் தேவாலயமும், ஓங்கி நிற்கும் தென்னையும் பனையும், பின்னாளில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் இவ்வகையில் பயன்பட்டவை. 2011 இல் அந்நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தில் அதனைப் பற்றிப் பல முறைப்பாடுகள் எழுந்தன. ஆயினும் இரவிலே அதன் உச்சி விளக்கு நல்லதோர் அடையாளம் என்பதை ஒருவரும் மறுக்கமாட்டார்.

கரை மறைந்தபின் நட்சத்திரங்களே துணை. துருவ வெள்ளி அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே அவ்விடத்தின் அகலக்கோடு. கற்பிட்டியிலே அது எட்டுப் பாகையளவு. நீட்டிய கையிலே சேர்த்துப் பிடித்த நான்கு விரல்களின் அகலத்தை ஒட்டிய உயரம். அராபிய மாலுமிகள் கமால் என்னும் சிறு பலகையாலும், சோழமண்டலக் கரையினர் இராப்பலகையாலும் இதனை அளந்தனர். ஆயின் இவ்வளவை வடக்குத் தெற்கை மட்டுமே சொல்லும். கிழக்கு மேற்கை அறிவதற்குப் பிழையில்லாத கடிகாரம் ஒன்று வேண்டும். பூமி ஒரு பாகை சுழல்வதற்கு நான்கு நிமிடம் ஆகிறதாகையால், புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கைவசம் வைத்திருப்பவன் எத்தனை பாகை கிழக்கே அல்லது மேற்கே வந்திருக்கிறான் என்று கணக்கிடலாம். கடலில் ஆடினாலும் பிசகாத அத்தகைய கடிகாரத்தை இங்கிலாந்திலே ஜோன் ஹரிசன் என்பவர் 1759 இல் செய்து முடித்தார். ஆனாலும் கடிகாரம் ஒரு செக்கன் பிசகினால், கற்பிட்டிக் கடலிலே கிட்டத்தட்ட 460 மீற்றர் பிசகும். இடத்தை அறிவது என்பது அன்றிலிருந்து நேரத்தை அறிவதாகவே ஆயிற்று.

செய்மதி வழிகாட்டலும் இக்கொள்கையின் தொடர்ச்சியே. மின்னல் வெட்டியபின் இடி கேட்கும் வரையில் எண்ணிக்கொண்டிருந்து, இடி விழுந்த தூரத்தை மதிப்பிடும் வழக்கம் கிராமங்களிலே உண்டு. ஒலி செல்லும் வேகம் தெரியும். சென்ற நேரம் தெரியும். ஆகவே தூரம் தெரியும். செய்மதியிலிருந்து வருவது ஒலியன்று, வானொலி அலை. அஃது ஒளியின் வேகத்தில் வருவது. ஒரு செக்கனை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறு நேரத்துக்குள் அது 30 சென்ரிமீற்றர் சென்றுவிடும். பத்து இலட்சத்தில் ஒரு கூறு பிசகினாலும் 300 மீற்றர் பிழை. ஆகவே ஒவ்வொரு செய்மதியிலும் அணுக்கடிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. அது, "நான் இன்ன செய்மதி, இன்ன இடத்தில் நிற்கிறேன், இப்போது இன்ன நேரம்" என்று ஓயாது சொல்லிக்கொண்டே 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிவருகிறது.

இவ்விடத்திலே விவேகமுள்ள ஒரு நேயர் ஒரு வினாவை எழுப்பலாம். செய்மதியில் அணுக்கடிகாரம் இருக்கட்டும்; சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம்; அது பிசகாதா? பிசகவே செய்யும். அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கும் வழியிலேதான் இம்முறையின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. வடக்குத் தெற்கு, கிழக்கு மேற்கு, உயரம் என அறியவேண்டியவை மூன்று. கைக்கடிகாரத்தின் பிசகினை நான்காவதாகச் சேர்த்துக்கொண்டால், அறியாதவை நான்கு. நான்கு செய்மதிகளின் குரலைக் கேட்டால் நான்கு சமன்பாடுகள் கிடைக்கும். பாடசாலையில் அட்சரகணிதம் கற்ற பிள்ளைக்கு மீதி விளங்கும். நான்கு செய்மதி தெரிந்த கணமே தொலைபேசியின் மலிவான கடிகாரம், விண்ணிலே சுற்றும் அணுக்கடிகாரத்தோடு ஒத்துவிடுகிறது.

ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையை ஏட்டுச் சுரைக்காய் என்று கருதுவோருக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. உயரத்திலே ஈர்ப்பு குறைவாதலால் முந்துவதிலிருந்து, செய்மதி வேகமாக ஓடுவதால் பிந்துவதைக் கழித்தால், அதிலுள்ள கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 38 கூறு முந்துகிறது. இதனைத் திருத்தாது விட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.

இவ்வெண்ணம் பிறந்த கதையும் சுவையானது. 1957 ஒக்டோபர் 4 ஆந் திகதி சோவியத் நாடு ஸ்பூட்னிக் என்னும் முதலாவது செய்மதியை ஏவிற்று. அது எழுப்பிய "பீப், பீப்" என்னும் சமிக்ஞையை அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்திலே வில்லியம் கையர், ஜோர்ஜ் வைபன்பாக் என்னும் இரண்டு இளம் விஞ்ஞானிகள் கேட்டனர். புத்தளத்து ரயில் வீதிக் கடவையை நெருங்கும்போது அதன் ஊதல் கூர்மையாகவும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பதை அப்பகுதியில் அறியாதவர் இலர். அதுபோலவே ஸ்பூட்னிக்கின் சமிக்ஞையும் ஏறி இறங்கிற்று. அந்த ஏற்றவிறக்கத்தைக் கொண்டே செய்மதியின் பாதையை அவ்விருவரும் கணக்கிட்டனர். அடுத்த ஆண்டில் அவர்களுடைய மேலாளராகிய பிராங்க் மக்குளூர் வினாவைத் தலைகீழாக்கினார். நிற்கும் இடத்தைக் கொண்டு செய்மதியின் பாதையை அறியலாமாயின், செய்மதியின் பாதையைக் கொண்டு நிற்கும் இடத்தை ஏன் அறியலாகாது? இதன் பயனாக ட்ரான்சிற் என்னும் முறை 1964 இல் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்குப் பயன்படலாயிற்று.

இதற்கும் முன்னரே, 1956 இல், ஒருவர் கடிதமொன்றிலே எழுதினார்: உயரத்திலே சில செய்மதிகளை நிறுத்தினால், கைக்கடிகாரம் அளவினதான கருவியைக் கொண்டு உலகில் எவரும் தாம் இருக்குமிடத்தை அறியலாம் என்பது அதன் கருத்து. எழுதியவர் ஆதர் சீ. கிளார்க். அவர் இலங்கையைத் தம் இருப்பிடமாக ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டிலேதான். ஒரு செய்மதி கூட விண்ணில் இல்லாத காலத்துச் சொல் அது. 2008 இல் கொழும்பிலே அவர் காலமாவதற்குள், அந்தக் கருவி கையடக்கத் தொலைபேசியினுள்ளே வந்து குடியேறியிருந்தது.

இன்று ஜீ. பீ. எஸ். என எல்லாரும் சொல்லும் முறையின் முதலாவது செய்மதியை 1978 இல் அமெரிக்கா ஏவிற்று. அது படைத்துறையின் உடைமை. 1983 செப்டெம்பர் முதலாந் திகதி, வழி பிசகிச் சோவியத் வானத்துள் நுழைந்த தென்கொரியப் பிரயாணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின்னரே, இம்முறை முற்றுப்பெற்றதும் உலக மக்கள் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அமெரிக்க ஜனாதிபதி றேகன் அறிவித்தார். ஆயினும் பொதுமக்களுக்குரிய சமிக்ஞை வேண்டுமென்றே குழப்பப்பட்டு, ஏறத்தாழ நூறு மீற்றர் பிழையுடனே வந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் அக்குழப்பம் நீக்கப்பட்டது. அன்றிரவு உலகெங்குமுள்ள கருவிகள், உரிமையாளர் ஒரு திருகாணியையும் திருகாமலே, பத்து மடங்கு நுட்பமாயின.

இனிக் கருவியின் வளர்ச்சியைப் பார்ப்போம். வானொலி கேட்போருக்கு வாங்கி என்னும் சொல் புதியதன்று. நிலையம் செலுத்துகிறது, வீட்டிலுள்ள பெட்டி வாங்குகிறது. செய்மதி வாங்கியும் அத்தகையதே. 1980 களின் தொடக்கத்தில் நில அளவையாளருக்கு விற்கப்பட்ட முதல் வாங்கிகளுள் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் நிறையும், ஒரு இலட்சம் டொலருக்கு மேல் விலையும் உடையதாய் இருந்தது. 1989 இல் மகெல்லன் என்னும் நிறுவனம் கையிலே பிடிக்கத்தக்க வாங்கியை விற்பனைக்கு விட்டது; அதன் விலை சுமார் 3,000 டொலர். 1999 இல் பின்லாந்தின் பெனிபோன் நிறுவனம் தொலைபேசியையும் வாங்கியையும் ஒரே உறைக்குள் வைத்தது. இன்று அந்த வாங்கி, நகத்திலும் சிறிய சில்லு ஒன்றிலே அடங்கியிருக்கிறது.

சிறியதாக்குவது மட்டும் பெரிய சாதனையன்று. செய்மதியின் குரல் மிக மிக மெலிது. சாதாரண மின்குமிழ் ஒன்றுக்குச் செலவாகும் அளவான வலுவே அங்கிருந்து செலுத்தப்படுகிறது. அது 20,200 கிலோமீற்றர் கடந்து வந்து சேரும்போது, வாங்கியினுள்ளே இயல்பாக எழும் இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்து கிடக்கும். அவ்வாறாயின் அதனைக் கேட்பது எங்ஙனம்? சந்தை இரைச்சலிலே பிறர் பேசுவது ஒன்றும் விளங்காவிடினும், தன் பெயரை எவரேனும் சொன்னால் காதிலே விழுகிறதன்றோ? செய்மதி ஒவ்வொன்றும் 1,023 துடிப்புகளாலான தனக்கென உரிய ஒரு கோலத்தைச் செக்கனுக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதே கோலத்தை வாங்கியும் தன்னுள்ளே உண்டாக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் இரண்டும் பொருந்துகின்றன எனத் தேடுகிறது. பழைய வாங்கிகள் ஒவ்வோரிடமாக ஒத்துப்பார்த்தன. திறந்த வெளியிலே நெடுநேரம் பொறுத்திருக்கவேண்டும். 2004 இல் வெளிவந்த சில்லு ஒன்று, ஒரே சமயத்தில் இரண்டு இலட்சம் ஒப்பீடுகளுக்கு இணையான தேடலைச் செய்ய வல்லதாயிற்று. வீட்டுக் கூரையின் கீழும் தொலைபேசி இடத்தைச் சொல்லத் தொடங்கியது இந்த வகை வளர்ச்சியாலேதான்.

தொலைபேசிக் கோபுரம் இக்கதையினுள் நுழைவதும் இங்கேதான். செய்மதி தன் இருப்பிட விபரத்தைச் செக்கனுக்கு 50 துணுக்கு என்னும் ஆமை வேகத்திலே வாசிக்கிறது. அதனை முழுதும் கேட்டு முடிக்க அரை நிமிடம் செல்லும்; இடையிலே தடைப்பட்டால் மீண்டும் முதலிலிருந்து கேட்கவேண்டும். கோபுரத்தின் தொடர்பு இருக்குமாயின், அதே விபரம் கோபுரத்தின் வழியாக ஒரு நொடியிலே வந்துவிடும். ஆகவே கோபுரம் உதவுவது விரைவுக்கே. இடத்தைச் சொல்வது செய்மதியே. கோபுரம் எட்டாத நடுக்கடலிலும் வாங்கி வேலை செய்யும். முதன்முறை சற்றுத் தாமதிக்கும், அவ்வளவே. கரையை விட்டுப் புறப்படுமுன்னரே கருவியை இயக்கி, புள்ளி நிலைத்து நிற்கிறதா எனப் பார்த்து, கடற்படத்தையும் தொலைபேசியினுள் இறக்கி வைத்துக்கொள்பவர்களுக்கு அத்தாமதமும் இல்லை. நடுக்கடலில் படம் வெறுமையாய்த் தெரிவது வாங்கியின் குற்றமன்று. படத்தைக் கரையில் மறந்து வந்தவரின் குற்றம்.

அண்மைக் காலத்தில் இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. முன்னர் அமெரிக்கச் செய்மதிகளை மட்டும் கேட்ட தொலைபேசி, இப்போது ரஷ்யாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கிறது. எல்லாமாக நூற்றுக்கும் மேற்பட்ட செய்மதிகள். இந்தியாவும் 2013 முதல் 2016 வரையில் ஏவிய செய்மதிகளைக் கொண்டு நாவிக் என்னும் பிரதேச முறையை அமைத்தது. இந்திய எல்லைக்கு வெளியே 1,500 கிலோமீற்றர் வரையில் அது பயன்படும் என்பதால் இலங்கை முழுவதும் அதன் எல்லைக்குள் அடங்குகிறது. ஆனால் அது பேசிய அலைவரிசை பெரும்பாலான தொலைபேசிகளுக்குப் புரியவில்லை. 2020 முதல் சில சில்லுகள் அதனைக் கற்றுக்கொண்டன. 2023 மே மாதத்தில் ஏவப்பட்ட புதிய செய்மதியோ, சாதாரணத் தொலைபேசிகள் கேட்கும் அலைவரிசையிலும் பேசத் தொடங்கிற்று.

மற்ற மாற்றம் புத்தளத்துக் கடலுக்கு இன்னும் முக்கியமானது. பூமியைச் சூழ மிக உயரத்திலே, சூரியனின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற வளிப்படலம் ஒன்று உண்டு. சிற்றலை வானொலி தொலைதூரம் கேட்பது அதன் உபகாரம். செய்மதியின் அலையையோ அது தாமதிக்கச் செய்கிறது. அத்தாமதம் பல மீற்றர் பிழையாக முடியும். ஒரே செய்மதி இரண்டு அலைவரிசையில் பேசினால், இரண்டும் வெவ்வேறு அளவு தாமதிக்கும். சேற்றுப் பாதையில் ஒரே நேரத்தில் புறப்பட்ட இருவர் எத்தனை நேரம் முந்திப் பிந்தி வந்தனர் என்பதைக் கொண்டு சேறு எவ்வளவு எனக் கணிப்பது போல, அவ்வேறுபாட்டிலிருந்து தாமதத்தைக் கண்டு நீக்கிவிடலாம். நில அளவையாளரின் விலையுயர்ந்த கருவிகளில் மட்டும் இருந்த இவ்வசதி, 2018 இல் முதன்முறையாகக் கையடக்கத் தொலைபேசிக்கு வந்தது. ஒரு மீற்றருக்கும் குறைந்த நுட்பம் என்று விற்பனையாளர் புகழ்வர். திறந்த வானத்தின் கீழே சாதாரணத் தொலைபேசி ஐந்து மீற்றர் நுட்பத்தில் இடத்தைச் சொல்லும். பதினெட்டு அடி வள்ளத்தில், அலை தூக்கித் தூக்கிப் போடும்போது, அதற்கு மேல் நுட்பம் எதற்கோ! தொலைபேசியின் அன்ரெனாவும் மிகச் சிறியது. கையால் பொத்திப் பிடித்தாலே அதன் காது பாதி அடைபடும். விளம்பரத்தில் வரும் நுட்பம் இதனால் வள்ளத்தில் முழுதும் வாராது.

இரண்டு அலைவரிசை கொண்டும் முற்றாகத் தீராத ஓர் இடர் இப்பகுதியில் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்கு அண்மையாகவே செல்கிறது. 1963 இல் இந்தியா தன் முதலாவது ஆய்வு றொக்கற்றை ஏவுவதற்குக் கேரளத்தின் தும்பா என்னும் மீனவர் கிராமத்தைத் தெரிந்துகொண்டதும் இதன் பொருட்டே. இக்கோட்டின் அயலிலே, சூரியன் மறைந்தபின் சில மணி நேரத்துக்கு, மேற்சொன்ன மின்னேற்றப் படலத்தில் குமிழிகள் கிளம்பும். நட்சத்திரம் மின்னுவது போலச் செய்மதியின் சமிக்ஞையும் மின்னி மின்னி அறுபடும். சூரியனில் கொந்தளிப்பு மிகுந்த ஆண்டுகளில், பங்குனியையும் புரட்டாதியையும் ஒட்டிய மாதங்களில் இது கூடுதல். வள்ளங்கள் வலை விரிக்கும் நேரமும் அதுவே. அவ்வேளையில் புள்ளி திடீரெனப் பாய்ந்தாலோ மறைந்தாலோ, தொலைபேசி பழுதாயிற்று என்று அதனைத் தட்டுவதில் பயனில்லை. சற்றுப் பொறுத்திருந்தால் திரும்பி வரும்.

இந்தப் புள்ளியை நம்பி உயிரையும் தொழிலையும் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் இக்கரையினருக்கு வந்தது ஏன்? கடலிலே ஒரு கோடு இருக்கிறது. 1974 இல் பாக்கு நீரிணைக்கும், 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்து எல்லை வகுத்தன. கற்பிட்டிக்கு நேர் மேற்கே ஏறத்தாழ ஐம்பது கடல் மைலில் அது செல்கிறது. வடக்கே போகப்போகக் கரையை நெருங்குகிறது. அங்கே வேலியில்லை, மிதவையில்லை, நீரின் நிறமும் மாறுவதில்லை. பாகையும் கலையுமாக எழுதப்பட்ட சில புள்ளிகளை இணைக்கும் நேர்கோடுகள், அவ்வளவே. தேவாலயத்தையும் தென்னையையும் நேர்வைத்துப் பார்த்து அந்தக் கோட்டைக் காண முடியாது. நட்சத்திரத்தைப் பார்த்தும் காண முடியாது. அதனைக் கடந்தோர் இரு கரையிலும் கைதாகி, வள்ளத்தை இழந்து, மாதக்கணக்கில் மறியலில் இருந்திருக்கின்றனர். தெரிந்தே கடப்போர் உண்டு. அவர்களுக்கு வாங்கி உதவாது. தெரியாமற் கடப்போருள் பலர், வலையை விரித்து, இயந்திரத்தை நிறுத்தி, உறங்கும் வேளையில் நீரோட்டத்தால் இழுபட்டுச் செல்வோர். புள்ளி கோட்டை நெருங்குவதை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. குறித்த தூரத்துக்கு வந்தவுடன் மணியடித்து எழுப்பும் ஏற்பாடு பல தொலைபேசிச் செயலிகளில் உண்டு. அதனை இயக்கி வைப்பதற்கு ஒரு நிமிடமே ஆகும்.

இப்போது அந்த இரண்டாவது தவறான எண்ணத்துக்கு வரலாம். வீட்டிலே ஒருவர் வானொலியைத் திருகிச் செய்தி கேட்கிறார். அவர் கேட்பது நிலையத்துக்குத் தெரியுமா? தெரியாது. அவருடைய பெட்டி எதையும் திரும்பச் சொல்வதில்லை. செய்மதி வாங்கியும் அவ்வாறே. உலகிலுள்ள கோடிக்கணக்கான தொலைபேசிகள் கேட்டாலும், ஒன்றுமே கேட்காவிட்டாலும், செய்மதிக்கு இரண்டும் ஒன்றே. கரையிலே ஒருவருடைய இருப்பிடம் மற்றவருக்குத் தெரிவது, வாங்கி அறிந்த இடத்தைத் தொலைபேசி தன் கோபுரத்தின் வழியாக அனுப்புவதாலேதான். கோபுரம் எட்டாத இடத்தில் வள்ளத்தின் இயந்திரம் நின்றுவிட்டால், அதிலுள்ளவருக்குத் தாம் நிற்குமிடம் ஐந்து மீற்றர் பிசகாமல் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. இப்னு பதூதாவின் கப்பலில் இருந்தோருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது, இவருக்குத் தெரியும், எனினும் உதவி வாராமையில் இருவரும் ஒரே நிலையில் இருப்பர்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிச் சூறாவளி இவ்வுண்மையைக் கொடிய முறையில் உணர்த்திற்று. இலங்கையையும் தாக்கிச் சென்ற அப்புயல், கன்னியாகுமரிப் பக்கத்தில் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவருள் பெருந்தொகையினரைப் பலிகொண்டது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் அவர்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வழி இருக்கவில்லை. அதன் பின்னர் 2019 இல் இந்திய அரசு ஜெமினி என்னும் சிறு பெட்டியை வெளியிட்டது. செய்மதி வழியாக வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி, பக்கத்திலுள்ள தொலைபேசிக்கு அது கொடுக்கும். நல்ல ஏற்பாடே. ஆயினும் அதுவும் கேட்கும் கருவியே அன்றிப் பேசும் கருவியன்று.

பேசும் கருவிகளும் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்து, 2016 ஜூனில் அதனை நீக்கிற்று. அக்காலத்தில், ஆழ்கடலில் பல நாள் தங்கும் பெரிய படகுகளில் இடத்தைச் செய்மதி வழியாகக் கரைக்கு அறிவிக்கும் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது. மீன் பிடிப்பைக் கண்காணிப்பதற்காக வந்த கருவி, ஆளைத் தேடுவதற்கும் உதவுகிறது. ஒரு நாள் சென்று மறுநாள் திரும்பும் சிறு வள்ளங்களுக்கு இக்கட்டாயம் இல்லை; ஆபத்தோ அவற்றுக்கே அதிகம். 2022 இன் இறுதியிலிருந்து சில விலையுயர்ந்த தொலைபேசிகள், குறித்த சில நாடுகளில், கோபுரமில்லாத இடத்திலிருந்தும் செய்மதிக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் வசதியைப் பெற்றன. வாங்கியோடு ஒரு செலுத்தியும் சேர்ந்த ஏற்பாடு இது. அது கற்பிட்டி வள்ளத்தின் பொலித்தீன் பைக்குள் வந்து சேரும் வரையில், புறப்படும் நேரம், செல்லும் திசை, திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்லும் பழைய வழக்கத்துக்கு ஈடு ஒன்றுமில்லை. அயலிலே வேறு வள்ளம் இருந்து, அதில் கடல் வானொலித் தொடர்புக் கருவி இருக்குமாயின், 16 ஆம் அலைவரிசையில் இடத்தைச் சொல்லலாம்.

இடத்தைச் சொல்வதிலும் ஒரு கண்ணி உண்டு. பல தொலைபேசிகள் இடத்தைப் பாகையின் தசமமாகக் காட்டுகின்றன. கடற்படமும் கடலோடிகளும் பாகை, கலை என்று வழங்குகின்றனர். ஒரு பாகைக்கு அறுபது கலை, நூறன்று. கற்பிட்டி நிற்பது வடக்கு 8 பாகை 14 கலை, கிழக்கு 79 பாகை 46 கலை. அதனைத் தசமத்தில் எழுதினால் 8.233, 79.767 என வரும். எட்டுப் பாகை பதினான்கு கலை என்று ஒருவர் சொல்ல, கேட்பவர் 8.14 என்றும், மற்றதை 79.46 என்றும் குறித்துக்கொள்வாராயின், தேடும் படகு பத்துக் கிலோமீற்றர் தெற்கேயும் முப்பது கிலோமீற்றருக்கு மேல் மேற்கேயும் சென்று வெறுங்கடலைச் சுற்றிக்கொண்டிருக்கும். செய்மதியின் அணுக்கடிகாரம் காத்துத் தந்த ஐந்து மீற்றர் நுட்பம், காதுக்கும் எழுதுகோலுக்கும் இடையிலே கரைந்துபோகும். ஆகவே எண்களைச் சொல்லும்போது "பாகை", "கலை", "தசம்" என்னும் சொற்களையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒவ்வோர் இலக்கமாக, ஆறுதலாகச் சொல்லவேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்லி, அது சரி என்று கண்டபின்னரே தொடர்பை நிறுத்தவேண்டும்.